நொச்சியும் துளசியும் சேர்த்துப் புகைக்கட்டு கட்டுவது எப்படி?

கேள்வி – விசுவமடு மூத்தவள்

அனைவருக்கும் வணக்கம். விசுவமடுவில் உள்ள எங்கள் வீட்டில் அப்பாவின் ஆட்டைத் திவசம் சென்ற மாதம் நிறைவேறியது. அம்மா இந்த ஓராண்டும் தங்கையோடு கிளிநொச்சியில் இருந்ததால் வீட்டின் பின்னறைகள் பூட்டியபடியே கிடந்தன. வருகின்ற ஆவணியில் தம்பி குடும்பத்தோடு அங்கே வந்து குடியேற இருக்கிறான். அதற்கு முன்பு வீட்டைக் கழுவித் துப்புரவாக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மூலை முடுக்கெல்லாம் புகை காட்ட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்.

கனடாவில் இருந்து வந்திருந்த பெரியம்மாவின் மகள், சாம்பல் பூத்த பச்சை இலைகளை நூலால் இறுகச் சுற்றிய ஒரு சாண் நீளக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் நுனியைக் கொளுத்திச் சுவாலையை ஊதி அணைத்ததும், அது கால் மணி நேரத்துக்கு மேல் தணலாகவே இருந்து புகைந்தது. சிரட்டைக் கரியோ தூபக்காலோ இல்லாமல் கையில் பிடித்தபடியே அறை அறையாகக் கொண்டுபோக முடிந்தது எனக்குப் பிடித்துப்போனது. அது வெள்ளைச் சேஜ் என்ற செடியின் இலையாம்.

நம்முடைய இலைகளில் இதைச் செய்து பார்க்கலாம் என்று, நானும் மகளும் நொச்சி, வேம்பு, துளசி ஆகியவற்றைப் பறித்து வந்து, அன்றைக்கே தையல் நூலால் இறுகக் கட்டி, மூன்று நாட்கள் முற்றத்து வெயிலில் வைத்தோம். கொளுத்தியபோது வெளி இலைகள் படபடவென்று எரிந்து முடிந்தன. அதன் பின் கட்டு கறுத்து அணைந்துவிட்டது. நூல் உருகிச் சிறு சிறு கறுப்பு மணிகளாகத் திரண்டு, பிளாஸ்டிக் எரிந்த நெடி வீட்டை நிறைத்தது. கட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே இலைகள் அவிந்ததுபோல் கறுத்து, காம்போரம் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

நம்முடைய இலைகளில் இப்படிக் கட்ட முடியுமா, முடியுமென்றால் எதை எப்படி உலர்த்த வேண்டும், எவற்றைக் கட்டாயமாகத் தவிர்க்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருப்பதால் புகையின் அளவு பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது.


பதில் 1 – ஒட்டுசுட்டான் பரியாரி பேத்தி

தங்கச்சிக்கு வணக்கம். இலைகளை நீங்கள் பிழையாகத் தெரிவு செய்யவில்லை. ஈரமும் நூலும்தான் உங்களைக் கைவிட்டிருக்கின்றன.

என் பாட்டனார் நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியாக இருந்தவர். எங்கள் வீட்டு அடுக்களை வளையில் எந்த நாளும் மூலிகைக் கட்டுகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் அவற்றை எரிப்பதற்காகக் கட்டவில்லை. கசாயக் குடிநீருக்கும் ஆவியில் வேது பிடிப்பதற்குமே கட்டினார். ஆனாலும் இலையின் மணம் போகாமலும் பூஞ்சணம் பிடிக்காமலும் கட்டுகிற கைப்பக்குவம் இரண்டுக்கும் ஒன்றுதான். புகைப்பதற்காக நான் கட்டத் தொடங்கி ஏழெட்டு வருடங்கள் இருக்கும். முதல் வருடம் உங்களைப் போலவே பல கட்டுகளைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

பனி உலர்ந்த பிறகு, வெயில் உறைக்குமுன், காலை எட்டு ஒன்பது மணியளவில் இலையைக் கொப்போடு வெட்டுங்கள். வெட்டியவுடன் கட்டக் கூடாது. ஒரு பாயில் பரப்பி, நிழலில், காற்றோட்டமாக, ஒரு பகலும் ஓர் இரவும் வாடவிட வேண்டும். வாடிய இலை துணிபோல் வளைந்து கொடுக்கும். அதுதான் கட்டும் பருவம். முற்றாக உலர்ந்த இலை கட்டும்போதே நொறுங்கிவிடும். பச்சை இலையோ நீங்கள் கண்டதுபோல் உள்ளுக்குள் அவிந்துவிடும். கட்டிய பிறகும் வெயில் காட்டாமல், காம்பு மேலே இருக்கும்படி வளையில் தொங்கவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் மட்டும் மொறுமொறுவென்று காய்ந்து நடுவில் ஈரம் அடைபட்டுப் போகும். இலையின் வாசனை எண்ணெயும் பறந்துவிடும். சோளகக் காற்று வீசுகின்ற இந்த ஆனி, ஆடி மாதங்களில் பத்து முதல் பதினைந்து நாட்கள் போதும். மாரியில் நான் கட்டுவதே இல்லை, ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக் குளிரில் எவ்வளவு நாள் தொங்கவிட்டாலும் இலை ஈரத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பதம் பார்ப்பதற்கு நடுக்காம்பு ஒன்றை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் காய வேண்டும். டிக்கென்று முறிந்தால் கட்டு தயார்.

பருமன் இரண்டு விரலுக்கு மேல் வேண்டாம். நூல் பருத்தி நூலாக இருக்க வேண்டும். கும்பத்துக்குச் சுற்றுகிற வெள்ளை நூல் நன்றாகப் பொருந்தும். தையல் நூல் இப்போது பெரும்பாலும் பொலியெஸ்டர், அதனால்தான் உருகியது. வாழை நாரும் நல்லது. காம்படியில் ஒரு முடிச்சிட்டு, நுனிவரை சரிவாகச் சுற்றிக்கொண்டு போய், அதே சரிவில் எதிர்ப்புறமாகக் குறுக்கே சுற்றிக்கொண்டு காம்படிக்கே திரும்பி வந்து முடியுங்கள். எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் வேலை இருக்கிறது. தளர்வாகக் கட்டினால் காற்று புகுந்து சுவாலை விட்டு எரியும். மிக இறுக்கினால் தணல் மூச்சடைத்து அணைந்துவிடும். விரலால் அமர்த்தினால் கொஞ்சம் அமிழ்ந்து திரும்பி எழும்ப வேண்டும். காயக் காயக் கட்டு சுருங்குவதால், நான்காம் ஐந்தாம் நாளில் நூலை ஒருமுறை இறுக்கிவிட வேண்டியிருக்கும்.

நடுவில் நொச்சி, அதைச் சுற்றித் துளசிக் கொப்பு, இருந்தால் திருநீற்றுப்பச்சையும் தும்பையும் என்று நான் கட்டுவேன். அந்த வெள்ளைச் சேஜ், நொச்சி, துளசி, தும்பை, பேய்மிரட்டி எல்லாம் தாவரவியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையிலேயே வாசனை எண்ணெயை வைத்திருக்கிற செடிகள். ஆகையால் அங்கே சேஜ் செய்கிற வேலையை இங்கே நொச்சி செய்வதில் வியப்பில்லை. கற்பூரவள்ளியும் அதே குடும்பம்தான் என்றாலும் இலை சதைப்பற்றானது, காயாமல் அழுகும். வேப்பிலையை ஒரு கட்டுக்கு ஒரு சிறு கொப்புக்கு மேல் வைக்காதீர்கள். அதன் புகை கண்ணைக் கரிக்கும். மாட்டுப் பட்டியில் நுளம்புக்கும் இலையானுக்கும் மூட்டம் போடுவதற்குத்தான் அது அள்ளிப் போடத் தகுந்தது.

தவிர்க்க வேண்டியவற்றில் அலரியை முதலில் சொல்வேன். அதன் இலை, பூ, தடி எல்லாமே நஞ்சு, புகையும் ஆகாது. எருக்கலையும் வேண்டாம். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கண்டல்களோடு நிற்கிற தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே மறைக்கும். அதன் விறகுப் புகையும் கண்ணுக்குக் கேடு. வெறும் தரைகளிலும் தெருவோரங்களிலும் வெள்ளைப் பூவோடு நிற்கிற பார்த்தீனியத்தை மாசிப்பத்திரி என்று மயங்கிப் பறிப்பவர்களும் உண்டு. அதைக் கையால் தொட்டாலே சிலருக்கு உடம்பெல்லாம் கடிக்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். இலைக்கட்டு வந்துவிட்டது என்பதற்காகத் தூபக்காலைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். சாம்பிராணியும் குங்கிலியமும் மரப் பிசின்கள். அவை தணலில் விழுந்து உருகினால்தான் புகை தரும். இலைக்கட்டின் மேல் தூவினால் இலைகளை ஒட்டிக் காற்றின் வழியை அடைத்துவிடும், அல்லது தீப்பிடித்துச் சொட்டும். சாமிக்குக் காட்டுகிற தூபம் பதினாறு உபசாரங்களில் ஒன்று. தீபத்துக்கு முன்னால் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். மனைவியின் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கித் திருக்கடவூரில் புகை காட்டிய குங்கிலியக்கலயரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குகிறோம். ஆகவே சாமியறையில் ஊமல் கரித் தணலில் சாம்பிராணி போடுங்கள். பூட்டிக் கிடந்த பின்னறைகளுக்கு இலைக்கட்டு போதும். இரண்டுக்கும் முன்பு ஒட்டடை அடித்து, நிலத்தைக் கழுவி, யன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அழுக்கு இருக்கும் அறையில் எந்தப் புகையைக் காட்டினாலும் அழுக்கு அங்கேயேதான் இருக்கும்.


பதில் 2 – ரொறன்ரோவில் இருந்து ஒரு முள்ளியவளையான்

அக்கா சொன்ன முறையை நான் ஊரில் இருந்தபோது கண்டதில்லை, ஆனால் அந்த வெள்ளைச் சேஜ் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அது தென் கலிபோர்னியாவிலும் அதற்குத் தெற்கே மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவிலும் மட்டும் இயற்கையாக வளர்கிற செடி. அந்த மண்ணின் பழங்குடி மக்களுக்கு அது மருந்தும் வழிபாட்டுப் பொருளுமாக இருந்து வருகிறது. இப்போது உலகம் முழுவதும் கடைகளில் விற்கப்படுவதால், காட்டில் நிற்கிற செடிகளைக் களவாக வெட்டி மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகிறார்கள் என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் முறைப்பாடு.

என்னோடு வேலை செய்கின்ற அனிஷினாபே என்ற பழங்குடி இனத்துப் பெண்மணி ஒருவர், தங்கள் மரபில் புகையிலை, சீடார், சேஜ், இனிப்புப்புல் ஆகிய நான்கையும் புனித மருந்துகளாகக் கொள்வதாகச் சொன்னார். அவர்களுடைய சேஜ் வேறு இனம். வெள்ளைச் சேஜ் அல்ல. செடியை வெட்டுவதற்கு முன் ஒரு சிட்டிகை புகையிலையை மண்ணில் வைத்து வணங்கிய பின்பே கை வைப்பார்களாம். அதைக் கேட்டபோது, மூலிகை பறிப்பதற்கு முன் செடிக்குக் காப்புக் கட்டிச் சாப நிவர்த்தி சொல்கிற நம் பரியாரிமாரைத்தான் நினைத்தேன். கனடாவில் பழங்குடிகளின் சடங்குகள் பலவற்றைத் தடைசெய்த சட்டப் பிரிவு 1951ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் அவர்களின் சமயச் சுதந்திரத்தைக் காக்கும் சட்டம் 1978ஆம் ஆண்டில் வந்தது. தங்கள் பாட்டிமார் ஒளித்து ஒளித்துச் செய்ததை இன்று அழகுப் பொருட்கடைகளில் விலைச்சீட்டோடு காண்கிறபோது அவர்களுக்கு வலிப்பது எனக்கு விளங்குகிறது. கோயில் மணியும் திருவிழாவும் நின்றுபோன வருடங்களை நாமும் கண்டவர்கள் அல்லவா?

அதனால் அந்தக் கட்டைக் கொண்டுவந்த தங்கையைக் குறை சொல்லாதீர்கள், அன்போடு கொண்டுவந்திருக்கிறார். மறுபடி வாங்கி அனுப்பும்படி மட்டும் கேட்காதீர்கள். கனகராயன் ஆற்றங்கரையில் நொச்சி நிற்கிறது; முற்றத்தில் துளசி நிற்கிறது. கட்டுகிற விதத்தை அந்தப் பழங்குடி மக்களிடம் இருந்து கற்றுக்கொண்டோம் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.


பதில் 3 – வவுனியா தாதி

அம்மாவின் தொய்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மற்றவை எல்லாவற்றுக்கும் முன்பாக இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். புகை வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் அம்மா வீட்டுக்குள் இருக்கக் கூடாது. மூலிகைப் புகை, சாம்பிராணிப் புகை, நுளம்புச் சுருள் புகை எதுவாக இருந்தாலும், மூச்சுக் குழாய்க்குள் போகிற நுண் துகள் அதில் உண்டு. மணமாக இருப்பதால் சுவாசப்பைக்கு நல்லது என்று நம்பித் தொய்வுக்காரரை அருகில் இருத்தி வைத்துப் புகை பிடிக்க விட்டவர்களை, மூச்சு இழுத்தபடி வாட்டுக்குக் கொண்டுவந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அம்மாவை வெளி விறாந்தையில்கூட வேண்டாம், அயல் வீட்டில் இருத்துங்கள். அவருடைய இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புகை காட்டி முடிந்து, கதவு யன்னல்களைத் திறந்து, மணம் மட்டும் மிஞ்சிப் புகை கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு, மேலும் ஓரிரு மணி நேரம் கழித்து அழைத்து வாருங்கள். தம்பிக்குக் கைக்குழந்தை இருந்தால் குழந்தைக்கும் இதுவே பொருந்தும். குளிக்க வார்த்த குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகைக்கு நேரே பிடிக்கும் வழக்கத்தை நாங்கள் தாய்மாருக்கு இப்போது சொல்லி நிறுத்தி வருகிறோம்.

தணல் போட்ட சட்டியை இரவில் பூட்டிய அறைக்குள் விட்டுவிட்டுப் படுப்பது உயிருக்கே ஆபத்து. கரித் தணலில் இருந்து வருகிற காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

நுளம்புக்காகவும் இந்தக் கட்டைக் கொளுத்த நினைப்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். நொச்சியும் வேம்பும் புகைகிறபோது நுளம்பு விலகுவது உண்மைதான். ஆனால் வன்னியில் எங்களை வாட்டிய மலேரியா, 2016ஆம் ஆண்டு இலங்கை மலேரியா அற்ற நாடாக உறுதிப்படுத்தப்படும் அளவுக்கு ஒழிந்தது மருந்து விசிறியதாலும், நுளம்பு வலையாலும், காய்ச்சல்காரரைத் தேடித் தேடி இரத்தம் சோதித்ததாலும்தான். இன்றைக்குப் பயப்பட வேண்டியது டெங்கு. அதைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் கூடுதலாகக் கடிக்கும். விளக்கு வைத்த பின்பு காட்டுகிற புகை அதைத் தடுக்காது. சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்குகிற தண்ணீரைக் கவிழ்ப்பதுதான் அதற்கு வேலை.

கடைசியாக, எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்று. இப்படி ஒரு கட்டை என் மாமியார் பாதி எரித்து, அணைந்துவிட்டது என்று எண்ணி, மிச்சத்தைத் தட்டில் இருந்த ஓலைக் கடகத்துக்குள் போட்டுவிட்டார். சாமம் ஒரு மணிக்குப் புகை மணம் வந்து எழும்பிப் பார்த்தால், கடகத்தின் அடி முழுவதும் செந்நிற வட்டமாகக் கனன்றுகொண்டிருந்தது. ஒரு சுவாலைகூட இல்லை. பக்கத்தில் தொங்கிய சேலைக்கு ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. கட்டின் நடுவில் இருக்கிற தணல் வெளியில் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் கண்டோம். எரிந்த நுனியை ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் தலைகீழாகக் குத்தி, விடியும்வரை வெளியில் விடுங்கள். கிடுகு வேய்ந்த கூரைக்குக் கீழே கொளுத்தவே வேண்டாம்.


பதில் 4 – பரந்தன் வாசகன்

இலை பறிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்கள் புழங்காத பற்றைக்குள் நல்ல நொச்சி நிற்கிறது என்பதற்காக உள்ளே இறங்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடம் மட்டுமல்ல, பலகை இல்லாத இடத்திலும் மண்ணுக்குள் வெடிபொருள் கிடந்து பின்னர் அகப்பட்டதை நாம் அறிவோம். வளவு துப்புரவாக்கும்போது குப்பையைக் கூட்டி அந்த இடத்திலேயே கொளுத்துவது இன்னும் ஆபத்தானது. மேல் மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கக் கூடும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வளவு என்பதால் சொல்கிறேன். ஆட்கள் நடமாடுகிற வாய்க்கால் கரை, கோயில் வீதி, உங்கள் சொந்த வேலி இவற்றில் இருந்து மட்டும் பறியுங்கள். ஒதுக்கக் காடுகளில் கொப்பு வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.


விசுவமடு மூத்தவள் மீண்டும் எழுதியது

நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. ஒட்டுசுட்டான் அக்கா சொன்னபடி ஒரு நாள் வாடவிட்டு, கும்பத்து நூலால் ஏழு கட்டுகள் கட்டி, அடுக்களை வளையில் பதின்மூன்று நாட்கள் தொங்கவிட்டோம். ஐந்தாம் நாள் பார்த்தபோது நூல் எல்லாக் கட்டிலும் தொய்ந்துதான் இருந்தது, அவிழ்த்து இறுக்கினோம். அப்படியும் இரண்டு கட்டுகளின் நடுக்காம்பு முறியாமல் வளைந்ததால் அவற்றை ஒதுக்கிவிட்டேன். அவை நான் தடிப்பாகக் கட்டியவை. மகள் மெல்லியதாகக் கட்டியவை எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன.

சென்ற வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவைப் பக்கத்து வீட்டில் இருத்திவிட்டு, வீட்டைக் கழுவி, யன்னல்களைத் திறந்து வைத்து, பின்னறையில் இருந்து தொடங்கினோம். சுவாலையை ஊதி அணைத்ததும் நுனியில் மோதிர வட்டத்துக்குத் தணல் நின்றது. மெல்லிய நீலப் புகை சுவரோரமாக ஏறி யன்னல் வழியே போனது. அந்தக் கனடாக் கட்டைப் போல அது தானாகவே நெடுநேரம் புகையவில்லை. நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதிவிட வேண்டியிருந்தது. ஆனாலும் மூன்று அறைகளுக்கு ஒரு கட்டு போதுமாக இருந்தது. அப்பாவின் அறையில் நொச்சி மணம் எழுந்தபோது, காய்ச்சல் நாட்களில் அவர் எங்களுக்கு வேது பிடிக்கப் பானையில் இலை அவித்தது நினைவுக்கு வந்து, நானும் தம்பியும் சற்று நேரம் பேசாமல் நின்றோம்.

மத்தியானத்துக்குப் பின் அம்மா வந்தார். சாமியறைத் தூபத்தைத் தானே காட்ட வேண்டும் என்று கேட்டார். தாதி அம்மா எழுதியதை வாசித்துக் காட்டியதும், வெளியில் நின்றபடி தம்பியின் மனைவிக்குச் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்தார். தணலில் எவ்வளவு சாம்பிராணி போடுவது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று அவர் வாசலில் நின்று சொல்லச் சொல்ல அவள் செய்தாள்.

மிச்சக் கட்டுகளை, கடகத்தின் கதையை வாசித்த பிறகு, கொளுத்தாதவையாக இருந்தும் மூடி போட்ட பிஸ்கட் டின்னுக்குள்தான் வைத்திருக்கிறேன். அடுத்த சோளகத்துக்காக வேலியோரம் இரண்டு நொச்சித் தடிகளும் நட்டிருக்கிறோம். திருநீற்றுப்பச்சை மட்டும் எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. புதுக்குடியிருப்பிலோ முல்லைத்தீவுப் பக்கத்திலோ விதை வைத்திருப்பவர்கள் இருந்தால் அறியத் தாருங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.